முன்னணி வீரர்கள் பந்தயங்களைத் தவிர்ப்பது சரியா? நெடுந்தொலைவுப் பனிச்சறுக்குப் பருவம் குறித்து ஒரு கேள்வி

வெண்தடம்:

நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் பந்தயங்களை, நவம்பர் இறுதியில் ஃபின்லாந்தின் ரூக்காவில் நடக்கும் முதல் பந்தயத்திலிருந்து மார்ச் மாதத்துக் கடைசிப் பந்தயம் வரை, சில ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க ஒரு மனக்குறை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. தரவரிசையில் முன்னால் இருப்பவர்கள், காய்ச்சலோ காயமோ இல்லாத வாரங்களிலும், "பயிற்சிக்காக" என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாகக் கூறிவிட்டுப் பந்தயத்துக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். உலக சாம்பியன்ஷிப் நடக்கும் ஆண்டிலும் ஒலிம்பிக் நடக்கும் ஆண்டிலும் ஜனவரிப் பந்தயங்களின் புறப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தால், பாதி வீடு பூட்டிக் கிடப்பதைப் போலத்தான் தோன்றுகிறது.

ஒரு பருவம் என்றால் அதை முழுமையாக ஓடி முடிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 2020–21 பருவத்தில் கொரோனா அச்சத்தால் நார்வே அணி டூர் டி ஸ்கீ என்ற பல நாள் தொடருக்கே வரவில்லை. அந்தத் தொடரையும், பின்னர் பருவம் முழுவதும் சேர்த்த புள்ளிகளுக்குத் தரப்படும் ஒட்டுமொத்த உலகக் கோப்பையையும் வென்ற அமெரிக்காவின் ஜெஸ்ஸி டிகின்ஸைப் பற்றி, "நார்வே வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்" என்று பலர் பேசினார்கள். வராதவர்களைக் குறை சொல்லாமல் வந்து வென்றவரின் வெற்றியில் குறை காண்பது எந்த வகையில் நியாயம்? பந்தயங்களைத் தவிர்ப்பது ஒரு வீரரின் பருவத்தில் ஏற்கத்தக்க பகுதியா, அல்லது நாம் பழகிப்போய்விட்ட ஒரு கெட்ட வழக்கமா? இந்த விளையாட்டை உள்ளிருந்து அறிந்தவர்கள் பதில் சொன்னால் மகிழ்வேன்.

புள்ளிப்பட்டியல்:

தவிர்ப்பதற்கு ஏற்கெனவே ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலை அண்மையில் கடுமையாக ஏறியிருக்கிறது என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன். 2021–22 வரை முதல் முப்பது இடங்களுக்கு மட்டுமே புள்ளிகள் இருந்தன. முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60 என்று அவை சரசரவெனக் குறைந்தன. அடுத்த பருவத்திலிருந்து ஐம்பது இடங்களுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. முதலிடத்துக்கு அதே 100தான். ஆனால் இரண்டாமிடத்துக்கு 95, மூன்றாமிடத்துக்கு 90.

இதன் விளைவு மேலோட்டமாகப் பார்த்தால் புலப்படாது. பழைய முறையில், ஒரு பந்தயத்துக்கு வராமல் 100 புள்ளிகளை இழந்த வீரர், தன் போட்டியாளரை ஐந்து முறை இரண்டாமிடத்துக்குத் தள்ளி முதலிடம் பெற்றால் அந்த இழப்பை ஈடுகட்டிவிடலாம். புதிய முறையில் அதற்கு இருபது முறை முந்த வேண்டும். ஒரு பருவம் முழுவதிலும் இருக்கும் தனிநபர் பந்தயங்களே முப்பதை ஒட்டித்தான் வரும். ஆகவே இன்றைய பட்டியல் வெற்றியைவிட வருகைக்கே அதிகப் பரிசு தருகிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

2022–23 பருவத்தில் நார்வேயின் யோஹன்னஸ் ஹூஸ்ஃப்ளோட் க்ளேபோ இருபது பந்தயங்களை வென்று ஒட்டுமொத்தப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். அடுத்த பருவத்தில் உடல்நலக் குறைவால் ரூக்கா தொடக்கப் பந்தயங்களுக்கு அவரால் வர முடியவில்லை. அந்த ஆண்டு பட்டம் அதே நாட்டின் ஹரால்ட் ஒஸ்ட்பெர்க் அமுன்சென் கைக்குப் போனது. அமுன்சென் அந்தப் பருவத்தில் டூர் டி ஸ்கீயையும் வென்றவர் என்பதால் அவர் தகுதியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தொடக்க வாரத்தில் விழுந்த பள்ளத்தைப் பின்னர் நிரப்புவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது ஒரு சான்று. தவிர்ப்பவர் தெரிந்தேதான் தவிர்க்கிறார், விலையையும் கொடுக்கிறார். இதில் நமக்கு என்ன வழக்கு?

வெண்தடம்:

இருபது முறை என்ற கணக்கு எனக்குப் புதிது, நன்றி. ஆனால் விலை கொடுப்பதால் மட்டும் ஒரு செயல் சரியாகிவிடுமா?

நாடித்துடிப்பு:

நான் விளையாட்டு மருத்துவத்தில் பணியாற்றியவன். தாங்குதிறன் விளையாட்டு வீரர்களின் உடல்நிலையைக் கவனிப்பதே என் வேலையாக இருந்தது. நண்பர் வெண்தடம் அவர்கள் பருவம் என்று நவம்பர் முதல் மார்ச் வரை உள்ள மாதங்களைச் சொல்கிறார். வீரரின் உடல் பருவத்தை அப்படி எண்ணுவதில்லை. நார்வேயில் பயிற்சி ஆண்டு மே முதல் நாளில் தொடங்குகிறது. அங்கிருந்து முதல் பந்தயம் வரை ஏறத்தாழ ஏழு மாதங்கள் சக்கரம் பொருத்திய ரோலர் ஸ்கீ, மலைப்பாதை ஓட்டம், எடைப்பயிற்சி, இடையிடையே பனிப்பாறைகளிலும் உறைபனிச் சுரங்கங்களிலும் பயிற்சி என்று போகும். ஃபின்லாந்தின் வுவோகட்டியில் 1997-லேயே இத்தகைய சறுக்குச் சுரங்கம் திறக்கப்பட்டுவிட்டது.

நார்வே வீராங்கனை மாரிட் பியோர்கனின் பயிற்சிப் பதிவுகள் ஆய்வுக்கட்டுரையாகவே வெளிவந்திருக்கின்றன. உச்ச ஆண்டுகளில் அவர் ஆண்டுக்கு 900 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்தார். அதில் மிகப் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான பயிற்சி. மிகக் கடுமையான பயிற்சி சிறு பங்குதான். அந்த மெதுவான மணிநேரங்கள்தான் அடித்தளம். பந்தயங்கள் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கப்படுபவை. நவம்பரிலிருந்து வாரந்தோறும் இரண்டு மூன்று பந்தயங்கள், நடுவில் பயணம், விடுதி அறை, மீண்டும் பந்தயம் என்று போனால், செலவழித்ததைத் திரும்பச் சேர்க்க நாட்களே கிடைப்பதில்லை. நீங்கள் குறை சொல்லும் அந்த ஜனவரி வாரங்கள் பெரும்பாலும் உயரமான இடத்தில் நடக்கும் பயிற்சி முகாம்களே. அங்கே வீரர் ஓய்வெடுப்பதாக நினைக்க வேண்டாம். பந்தய வாரத்தைவிட அதிக மணிநேரம், ஆனால் குறைந்த வேகத்தில் பயிற்சி செய்கிறார். அதன் பலன் உடனே தெரியாது. முகாம் முடிந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத்தான் உடலில் தெரியும். சாம்பியன்ஷிப் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி அந்த வாரத்தைக் குறிப்பதன் காரணம் அதுவே.

இன்னொன்று சுவாசம். உச்ச முயற்சியில் ஒரு வீரர் நிமிடத்துக்கு 150 லிட்டருக்கும் மேல் காற்றை இழுத்து வெளிவிடுகிறார். பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து பாகையில், ஈரமே இல்லாத காற்று அது. மூக்கால் சூடேற்றி அனுப்ப அங்கே நேரமில்லை. வாய் வழியாக அப்படியே மூச்சுக்குழாய்களுக்குள் போகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்பவர்களிடம் ஆஸ்துமா போன்ற மூச்சுக்குழாய்ச் சுருக்கம் பரவலாகக் காணப்படுவதில் வியப்பில்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகையைத் தாண்டிக் குளிர்ந்தால் பந்தயத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்ற விதி இருப்பது சும்மா இல்லை. மருந்து எடுப்பதிலும் வம்பு உண்டு. நார்வே வீரர் மார்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பி ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால் மருந்தை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் எடுத்ததாக முடிவாகி, 2014–15 பருவத்தின் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் டூர் டி ஸ்கீ பட்டத்தையும் 2016-இல் இழந்தார். ஆகவே இருமலோடு இருக்கும் வீரருக்கு மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரை மருந்தாக இருப்பதில்லை. "இந்த வாரம் போகாதே" என்பதாகவே இருக்கும்.

கடைசிக்குழு:

மருத்துவ நண்பர் சொன்ன அனைத்தும் உண்மை. ஆனால் அது பட்டியலின் மேற்பாதியில் இருப்பவர்களின் உண்மை. நான் மூன்று குளிர்காலங்கள் கீழ்நிலைப் பந்தயங்களில் ஓடியவன். உலகக் கோப்பைக்கு ஒருபோதும் எட்டாதவன். தவிர்ப்பது என்ற சொல் எங்கள் அகராதியிலேயே இல்லை.

எங்கள் பருவத்தை ஆண்டது உலகக் கோப்பைப் புள்ளி அல்ல. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தகுதிப் புள்ளி. அது தலைகீழானது: குறையக் குறைய நல்லது. வெற்றியாளரின் நேரத்தைவிட நீங்கள் எத்தனை விழுக்காடு பின்தங்கினீர்கள் என்று பார்த்து, அதை ஒரு காரணியால் பெருக்கி, பந்தயத்தின் தரத்தைப் பொறுத்த ஓர் அபராதத்தையும் கூட்டுவார்கள். முப்பது நொடி இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படும் 10 கிலோமீட்டர் பந்தயத்துக்கு அந்தக் காரணி 800. வெற்றியாளர் 25 நிமிடத்தில் முடித்து, நீங்கள் சரியாக ஒரு நிமிடம் பின்னால் வந்தால், நான்கு விழுக்காடு. அதாவது 32 புள்ளிகள். அதன் மேல் அபராதம். பலவீனமானவர்கள் மட்டும் வந்த பந்தயத்தில் வென்றால்கூட அபராதம் அதிகமாக இருப்பதால் புள்ளி மோசமாகவே வரும். வலுவானவர்கள் வந்த பந்தயத்தில் நாற்பதாவதாக வந்தாலும் புள்ளி நன்றாக இருக்கலாம். பன்னிரண்டு மாதங்களில் கிடைத்த சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரிதான் உங்கள் அடையாளம்.

ஆகவே நாங்கள் எங்கே போவது என்பதை, யார் அங்கே வருகிறார்கள் என்பதை வைத்தே முடிவு செய்தோம். நல்ல வீரர் நான்கு பேர் ஓரிடத்துக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், இரவு முழுதும் பேருந்தில் உட்கார்ந்து போய், காலையில் உறைந்த முட்டிகளோடு தடத்தில் நின்றிருக்கிறோம். அப்படிப் போன ஒரு பந்தயத்தில் அந்த நால்வரும் கடைசி நேரத்தில் விலகிவிட்டார்கள். அன்று என் வாழ்க்கையின் சிறந்த ஓட்டங்களில் ஒன்றை ஓடினேன். தகுதிப் புள்ளியில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. வெண்தடம் அவர்களின் மனக்குறை எனக்கும் உண்டு, ஆனால் பார்வையாளராக அல்ல. மேலே இருப்பவர் ஒருவர் பந்தயத்தைத் தவிர்த்தால், கீழே இருக்கும் நாற்பது பேரின் கணக்கு மாறுகிறது.

இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில் என் உடலும் கணக்குத் தீர்த்தது. சளியோடு ஒரு ஸ்பிரிண்ட் பந்தயத்துக்குப் போனேன். ஸ்பிரிண்ட் என்றால் மூன்று நிமிட ஓட்டம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. தகுதிச் சுற்றில் முதல் முப்பதுக்குள் வந்தால், ஆறு ஆறு பேராகக் காலிறுதி, பிறகு அரையிறுதி, பிறகு இறுதி. கடைசி வரை போகிறவர் ஒரே நாளில் நான்கு முறை உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். நான் இரண்டோடு நின்றேன். அந்த இரண்டே போதுமானதாக இருந்தது: அடுத்த ஐந்து வாரங்கள் ஒரு மேட்டைக்கூட மூச்சு வாங்காமல் ஏற முடியவில்லை. அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. தவிர்த்திருக்க வேண்டிய பந்தயம் அது என்று இப்போது தெரிகிறது. அன்று என்னிடம் நான்கு முடிவுகள்தான் இருந்தன, ஐந்தாவது வேண்டியிருந்தது.

மெழுகுமேசை:

வீரர்களையும் மருத்துவர்களையும் கேட்டாயிற்று. ஸ்கீயையும், அதாவது சறுக்குப் பலகையையும், கேட்டுவிடுங்கள். நான் மெழுகு பூசுபவனாகவும் பரிசோதிப்பவனாகவும் வேலை பார்த்தவன். ஒரு வீரரின் பருவம் நல்ல பருவமா இல்லையா என்பதில் எங்கள் கூடாரத்தின் பங்கு பாதி என்று நாங்கள் சொல்வோம். வீரர்கள் தோற்ற நாளில் மட்டும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

முன்னணி வீரர் ஒருவரிடம் பல பத்து ஜோடி ஸ்கீகள் இருக்கும். இணைத்தடத்தில் நேராக ஓடும் கிளாசிக் முறைக்குத் தனி, பக்கவாட்டில் உதைத்துச் செல்லும் ஸ்கேட்டிங் முறைக்குத் தனி. அவற்றிலும் குளிர்ந்த பனிக்கு, ஈரப்பனிக்கு, செயற்கைப் பனிக்கு என்று அடிப்பரப்பில் கல்லால் அரைத்த கோடுகள் வேறுபடும். பலகையின் வளைவு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். கிளாசிக் ஸ்கீயின் நடுப்பகுதியில் பிடிமான மெழுகு இருக்கிறது. வீரர் ஒரு காலில் முழு எடையையும் ஊன்றி உதைக்கும்போது அது பனியைத் தொட வேண்டும். சறுக்கும்போது தொடக் கூடாது. விறைப்பு சற்று அதிகமானால் ஏற்றத்தில் கால் பின்னோக்கி வழுக்கும். சற்றுக் குறைந்தால் இறக்கத்தில் யாரோ கையைப் பிடித்து இழுப்பதைப் போல இருக்கும்.

எங்களுக்குப் பிடிக்காத வெப்பநிலை பூஜ்யம். கடுங்குளிரில் கெட்டி மெழுகு. உருகி உறைந்த கரடுமுரடான பனிக்கு கிளிஸ்டர் என்ற பசை. இரண்டிலும் குழப்பம் இல்லை. பூஜ்யத்தில் புதுப்பனி விழுந்துகொண்டிருந்தால் எதைப் பூசினாலும் ஒன்று பிடிக்காது, அல்லது பனி அப்படியே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்போது மெழுகையே விட்டுவிட்டு, நடுப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்து மயிர் எழுப்பிய ஸ்கீயை எடுப்பதுண்டு. பந்தயம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது சூரியன் வெளியே வந்தால் அதுவும் வீண். அப்படி ஒரு நாளில் நான் கொடுத்த ஸ்கீயோடு ஓர் இளம் வீரர் ஒவ்வொரு ஏற்றத்தையும் கைகளாலேயே ஏறி முடித்தார். வந்ததும் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் ஸ்கீயைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

2023–24 முதல் ஃபுளோரின் கலந்த மெழுகுக்குத் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்ததிலிருந்து எங்கள் வேலை மேலும் கடினமாகிவிட்டது. ஈரப்பனியில் அது தந்த வேகத்துக்கு இன்னும் நிகரான ஒன்று வரவில்லை. ஆனால் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும் வேதிப்பொருள் அது என்பதால் தடை சரியானதே என்பது என் கருத்து. கருவி கொண்டு சோதிக்கிறார்கள். தடை வந்தவுடன் முதலில் மாட்டியவர் எங்கள் பிரிவைச் சேர்ந்தவரும் அல்லர்: 2023 அக்டோபரில் ஸோல்டனில் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு வீராங்கனை ராக்ன்ஹில்ட் மோவின்கெல் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகு பழைய தூரிகை, பழைய மேசை, பழைய துணி எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீரர் தவிர்க்கும் வாரத்தில் ஸ்கீகளுக்கும் வேலை நடக்கிறது. சாம்பியன்ஷிப் நடக்கப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய், அந்தப் பனியில் ஜோடி ஜோடியாகச் சறுக்கவிட்டுப் பார்த்து, ஐம்பதை எட்டாகக் குறைக்கும் வேலை அது. ஒவ்வொரு வார இறுதியிலும் பந்தயம் இருந்தால் அதற்கு நேரமே இருக்காது.

வெண்தடம்:

மூவருக்கும் நன்றி. ஆனால் இன்னும் ஒரு தரப்பு பேசப்படவில்லை. பந்தயத்தை நடத்துபவர்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற இடங்களில் போன குளிர்காலத்துப் பனியைக் கோடை முழுவதும் மரத்தூளால் மூடிப் பாதுகாத்து, பருவத் தொடக்கத்தில் அதை எடுத்து விரித்துத் தடம் அமைக்கிறார்கள். வெப்பம் கூடிக்கொண்டே போகும் ஆண்டுகளில் பக்கத்து வயலெல்லாம் பழுப்பாக இருக்க, நடுவில் ஒரு வெள்ளை நாடா போல அந்தத் தடம் மட்டும் கிடப்பதைத் தொலைக்காட்சியில் அனைவரும் பார்த்திருப்போம். இவ்வளவு பாடுபட்டு நடத்தும் பந்தயத்துக்கு முதல் பத்து இடத்தில் உள்ளவர்களில் நால்வர் வரவில்லை என்றால், அந்த ஊர் அடுத்த ஆண்டு எதற்காக முன்வர வேண்டும்?

நாள்காட்டியே மிகுதியாகிவிட்டது என்றால் அதைக் குறைக்கச் சொல்லிப் போராட வேண்டும். பந்தயங்களின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதை விட்டுவிடும் ஏற்பாடு யாருக்கும் நியாயமாக இல்லை. கடைசிக்குழு அவர்கள் இரவுப் பேருந்தில் போய் ஏமாந்த கதை என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

புள்ளிப்பட்டியல்:

நாள்காட்டி குறித்து உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் தவிர்க்காமல் ஓடியவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதையும் பாருங்கள். 2024–25 பருவம் நல்ல எடுத்துக்காட்டு. டிகின்ஸ் அந்த ஆண்டு மூன்றாவது முறையாக ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார். அதே பருவத்தில் நார்வேயின் ட்ரோன்ஹெய்மில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவருக்குத் தனிநபர் பதக்கம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆண்கள் பிரிவில் க்ளேபோ ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றதோடு, ட்ரோன்ஹெய்மில் கலந்துகொண்ட ஆறு பந்தயங்களிலும் தங்கம் வென்றார்: ஸ்பிரிண்ட் முதல் 50 கிலோமீட்டர் வரை.

இதைப் பார்த்து "க்ளேபோவால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விதிவிலக்கை விதியாக்கும் கேள்வி அது. மூன்று நிமிடப் பந்தயத்துக்கும் இரண்டு மணி நேரப் பந்தயத்துக்கும் ஒரே உடலைத் தயார்ப்படுத்துவது எப்படி என்று பயிற்சியாளர்கள் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கு அந்தச் சுமை அண்மையில் கூடியும் இருக்கிறது. 2022–23 முதல் உலகக் கோப்பையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தொலைவுகள்தான். 30 கிலோமீட்டரோடு நின்ற பெண்களின் நெடும்பந்தயம் 50 ஆனது. நியாயமான மாற்றம், நெடுநாள் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் தொலைவு கூடியபோது பந்தய நாட்களை யாரும் குறைக்கவில்லை.

டூர் டி ஸ்கீயை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2006 டிசம்பர் கடைசி நாளில் தொடங்கிய தொடர் அது. ஒன்பது பத்து நாட்களுக்குள் ஆறு ஏழு பந்தயங்களை ஓடி, கடைசி நாளில் இத்தாலியின் வால் டி ஃபியெம்மேயில் ஆல்பே செர்மிஸ் என்ற சரிவின் மேல் ஏற வேண்டும். மலைச்சரிவுச் சறுக்குக்காரர்கள் இறங்கி வரும் பாதையில் இவர்கள் மேல்நோக்கிப் போகிறார்கள். செங்குத்தான இடங்களில் சாய்வு 28 விழுக்காட்டைத் தொடுகிறது. வெற்றியாளருக்கு 300 புள்ளிகள், அதாவது மூன்று சாதாரண வெற்றிகள். பட்டம் வேண்டுமென்றால் இதைத் தவிர்க்க முடியாது. சாம்பியன்ஷிப் வேண்டுமென்றால் இதை ஓடலாமா என்று யோசிக்க வேண்டும். அந்த இழுபறியை நாள்காட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது.

நாடித்துடிப்பு:

முகாமுக்குப் போவது பாதுகாப்பானது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன் நார்வே அணியின் ஹெய்டி வெங்கும் சிமென் ஹெக்ஸ்டாட் க்ரூகரும் இத்தாலியில் உயர்நிலை முகாமில் இருந்தபோதுதான் கொரோனா தொற்றுக்கு ஆளானார்கள். வெங்கால் ஒலிம்பிக்குக்குப் போகவே முடியவில்லை. க்ரூகர் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, காற்றாலும் குளிராலும் 50 கிலோமீட்டரிலிருந்து 30-ஆகக் குறைக்கப்பட்ட கடைசிப் பந்தயத்தில் வெண்கலம் வென்றார். கடினமான பந்தயங்கள் பலவற்றைத் தவறவிட்டு, ஓய்ந்த உடலோடு வந்தது அவருக்கு உதவியிருக்குமோ என்று அப்போது நினைத்தேன். நிறுவ முடியாது, மருத்துவர்களின் பொழுதுபோக்கு அது.

டிகின்ஸ் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உணவு உட்கொள்ளல் சார்ந்த தன் பழைய நோய் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது என்று 2023 செப்டம்பரில் அவரே வெளிப்படையாக அறிவித்தார். எத்தனை பந்தயங்களில் ஓட முடியும் என்று முன்கூட்டி உறுதி சொல்ல முடியாத நிலையில்தான் அந்தப் பருவத்துக்குள் நுழைந்தார். அதே பருவத்தில் டூர் டி ஸ்கீயையும் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் வென்றார். வேண்டுமென்றால் நிற்கலாம் என்ற அனுமதி கையில் இருந்தால் ஒரு வீரர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அந்தக் குளிர்காலத்தில் பார்த்தேன். எல்லாப் பந்தயத்துக்கும் வந்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்திருந்தால், அவர் தொடங்கியிருப்பாரா என்பதே ஐயம்.

கடைசிக்குழு:

வெண்தடம் அவர்கள் என் கதையைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கதையின் மறுபாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முன்னணி வீரர் தவிர்க்கும் இடத்தில்தான் அணியின் ஏழாவது, எட்டாவது ஆளுக்கு ஒரு புறப்பாடு கிடைக்கிறது. நார்வே போன்ற நாட்டில் உலகின் இருபதாவது சிறந்த வீரர்கூடத் தன் தேசிய அணியில் இடமின்றி வீட்டில் உட்கார்ந்திருக்க நேரும். அவருக்கு யாரோ ஒருவருடைய ஜனவரி முகாம்தான் வாசல். அதில் முதல் பத்துக்குள் வந்தால் அடுத்த வாரமும் அழைப்பார்கள்.

என்னோடு ஒரே அறையில் தங்கிய ஒருவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. போய் ஐம்பத்து மூன்றாவதாக வந்தார். ஐம்பதுக்குள் வந்திருந்தால் ஒரு புள்ளியாவது கிடைத்திருக்கும். திரும்பி வந்து அந்த மார்புத்துணி எண்ணை அறைச் சுவரில் ஒட்டினார். பருவம் முடியும் வரை அதைக் கழற்ற எவரையும் விடவில்லை.

வெண்தடம்:

அந்த ஐம்பத்து மூன்றாமவருக்காக என் கோரிக்கையைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். எல்லாரும் எல்லாவற்றுக்கும் வர வேண்டும் என்று கேட்கவில்லை. எந்த வாரத்தை விடப்போகிறோம் என்பதை அணிகள் நவம்பரிலேயே அறிவிக்கட்டும். நோயால் விலகுவது வேறு. திட்டமிட்டு விடும் முகாம் வாரத்தைச் சாம்பியன்ஷிப் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிப்பதாக இங்கேதானே சொன்னீர்கள்? தெரிந்ததைச் சொல்வதில் என்ன தடை? நடத்துபவர்களும் ஏமாற மாட்டார்கள், இரவுப் பேருந்தில் ஏறுபவர்களும் ஏமாற மாட்டார்கள்.

மெழுகுமேசை அவர்களிடம் ஒரு சிறிய கேள்வி: கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு அந்த ஐம்பது ஜோடி ஸ்கீகளும் எங்கே போகின்றன?

மெழுகுமேசை:

அறிவிக்கலாம். ஆனால் எதிரணி எந்த வாரம் எங்கே பயிற்சி செய்கிறது என்பதை அறிய நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு மெனக்கெட்டோம் என்பதை எண்ணிப் பார்க்கையில், உங்கள் திட்டத்துக்கு முதல் எதிர்ப்பு மெழுகுக் கூடாரங்களிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்.

ஸ்கீகளைப் பற்றி: மார்ச் இறுதியில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பிடிமான மெழுகையும் கிளிஸ்டரையும் சுரண்டி எடுத்துவிடுவோம், கிளிஸ்டர் கையில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது. பிறகு அடிப்பரப்பு முழுவதும் மென்மையான மெழுகைத் தடிப்பாக உருக்கி ஊற்றி, சுரண்டாமல் அப்படியே விடுவோம். கோடையில் அடிப்பரப்பு காய்ந்து வெளுத்துப்போகாமல் இருப்பதற்காக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு காகிதச் சீட்டு: எந்தப் பந்தயத்தில் ஓடியது, பனி எப்படி இருந்தது, வைத்துக்கொள்வதா, மீண்டும் அரைக்க அனுப்புவதா, தொழிற்சாலைக்கே திருப்புவதா என்று. சில ஜோடிகளில் பந்தயத்தின் பெயரே இருக்காது. பருவம் முழுவதும் கூடாரத்தோடு ஊர் ஊராகப் பயணம் செய்து, ஒரு நாள்கூட ஓடாமல் திரும்பியவை அவை. அவற்றுக்கும் அதே மெழுகுதான் ஊற்றுவோம். அந்த வேலை முடிய ஏறத்தாழ ஏப்ரல் நடுப்பகுதி ஆகிவிடும். அதற்குள் வீரர்கள் ரோலர் ஸ்கீயின் சக்கரங்களை மாற்றித் தரச் சொல்லி வாசலில் நிற்கத் தொடங்கிவிடுவார்கள்.